ஐந்தடி ஐந்தங்குலம்

நமக்கு ரகர் (ரக்பி) பழக்கிய சேர் போய்விட்டார் என்று பழைய மாணவர் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் செய்தி வந்த அன்று எனக்கு ரொப் பரோவின் ஞாபகம்தான் முதலில் வந்தது. நமது பெடியன்களில் பலருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்காது. நாம் ஆடியது 15 பேர் ரகர்; இங்கிலாந்துக்காரரான அவர் ஆடியது 13 பேர் ரகர் லீக். சனிக்கிழமை ஆடப் போனால் ஆலையிலும் சுரங்கத்திலும் கூலி வெட்டுகிறார்கள், அதையாவது தாருங்கள் என்று வட இங்கிலாந்துக் கிளப்புகள் கேட்க, ரகர் சங்கத்துப் பெரியவர்கள் மறுக்க, 1895இல் ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஹோட்டலில் கூடிப் பிரிந்துபோன ஆட்டம் அது. சேர் சொல்லித்தந்த ரகர் சரித்திரத்தில் இந்தக் கதை இல்லை.

சேரின் பெயரை நான் எழுதத் தேவையில்லை. நாம் வைத்த பட்டப்பெயரை இந்தச் சங்க மலரில் அச்சிடவும் முடியாது. பெவிலியன் சுவரில் அவர் சோக்கால் கீறிய கோட்டை மறந்தவர் யாரும் இருக்கமாட்டீர்கள். என் தலை அதற்கு நன்றாகக் கீழே நின்றது. “உன்னை உள்ளே விட்டால் உன்ர அம்மாவுக்கு ஆர் பதில் சொல்லுறது?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். சிரிப்பு அடங்குமுன் ஸ்கோர்போர்ட் தகடுகளைக் கையில் திணித்தார். கல்லூரியை விட்டுப் போகும்வரை எனக்கு அந்தத் தகடுகள்தான். 8இல் ஒரு பக்கம் பெயின்ட் உரிந்திருக்கும், தூரத்துக்கு 3 மாதிரித் தெரியும். ஏச்சு எனக்கு.

ஆனால் ஆட்டம் பார்க்கப் பழகியதும் அந்தப் பலகையடியில்தான். “பந்தைப் பாராதை, ஓடுறவன்ர இடுப்பைப் பார்; இடுப்புப் பொய் சொல்லாது” என்று சேர் கத்துவது அங்கே நன்றாகக் கேட்கும். வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தபோது நற்சான்றுக் கடிதம் எழுதித் தந்தவரும் அவர்தான். அதில் என் கணிதத்தைப் புகழ்ந்திருந்தார். ரகர் என்ற சொல்லே இல்லை.

பிறகு நான் வந்து சேர்ந்தது இங்கிலாந்தின் லீட்ஸ். பரோ பொன்டிஃப்ராக்டில் பிறந்தவர், 5 அடி 5 அங்குலம். 2001இலிருந்து 2017 வரை லீட்ஸ் ரைனோஸ் தவிர வேறு கிளப்புக்கு ஆடவில்லை. ரகர் லீக்கின் உயர்மட்டப் போட்டியான சூப்பர் லீக்கில் எட்டுப் பட்டங்கள். எதிரே நூறு கிலோ ஆட்கள். 2011 இறுதியாட்டம், ஓல்ட் டிரஃபர்ட், சென்ட் ஹெலன்ஸுக்கு எதிராக. மாற்று வீரராக வந்தவர், பந்தை எடுத்ததும் தடுப்பவர்களின் கைகளுக்குக் கீழே குனிந்து புகுந்தார். ஆறடி ஆளுக்கு அந்த வழி கிடையாது! மீதித் தூரம் முழுக்க ஓட்டம், எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து ட்றை.

சில வருடம் கழித்து சேர் லண்டன் ஹரோவில் மகளிடம் வந்து நின்றார். இதற்காகவே ரயில் ஏறிப் போய், போனில் அந்த ட்றையைப் போட்டுக் காட்டினேன். “லைன்-அவுட்டே இல்லாத இது என்ன ரகர்?” என்றார். பந்து வெளியே போனால் இரண்டு அணியும் வரிசையாக நிற்க, நடுவே அதை எறிவதுதான் லைன்-அவுட். கொஞ்சம் பொறுத்து, “இன்னொருக்கா போடு” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் தரமும் பார்த்தார். என் முகத்தில் என்னத்தைக் கண்டாரோ, “இவனுக்குக் கால் இருக்கு. உனக்கு அதுவும் இருக்கேல்லையே, தம்பி” என்றார். மகள் தேநீரோடு வந்ததால் நான் தப்பினேன்.

2019 டிசெம்பரில், 37 வயதில், பரோவுக்கு மோட்டார் நியூரோன் நோய் என்றார்கள். தசைகளை இயக்கும் நரம்புகள் செத்துக்கொண்டே போகும். பேச்சு நின்ற பிறகு, கண்ணசைவில் இயங்கும் கணினி அவருடைய பழைய குரலில் பேசியது. அவருடைய முன்னாள் அணித்தலைவர் கெவின் சின்ஃபீல்ட் நிதி சேர்க்க 2020இல் ஏழு நாளில் ஏழு மரதன் ஓடினார். 2023 மேயில் லீட்ஸ் மரதனில் நண்பனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டே முழுத் தூரமும் ஓடி, முடிவுக் கோட்டடியில் கைகளில் தூக்கிக்கொண்டு கடந்தார். 2024 ஜூன் 2ஆம் திகதி பரோ இறந்தார், 41 வயது. அவர் பெயரில் லீட்ஸில் சிகிச்சை நிலையம் கட்டும் வேலை மறுநாள் தொடங்கியது.

ஊரிலேயே தங்கிவிட்ட நம் வகுப்புக்காரர் கடைசிக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சேரிடம் போய்ப் பத்திரிகை வாசித்துக் காட்டினார்களாம். நான் அனுப்பியது வாழ்த்து அட்டைகள். அவர்கள் சேரைத் தூக்கிக்கொண்டு போனதையும் போனில்தான் பார்த்தேன், இடையில் இணைப்பு அறுந்தது. திரும்ப வந்தபோது எல்லோரும் சோடாப் போத்தலும் கையுமாக நின்று, ஒரு பழைய மட்சின் ஸ்கோருக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் பிழை. சரியான ஸ்கோரை நான் இங்கிருந்து கத்தினேன், மைக் மியூட்டில் கிடந்திருக்கிறது.