மூன்று நாளில் நிரப்பிய பட்டியல்

பிளஸ் டூ முடிவு வந்த மறுவாரமே எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார். அருப்புக்கோட்டையில் அந்த மாதம் மதிப்பெண் நன்றாக வாங்கிய பிள்ளை இருக்கும் வீடுகளுக்கெல்லாம் இப்படி யாராவது வந்துகொண்டிருந்தார்கள். “அக்கா, கவுன்சலிங்கிற்கெல்லாம் காத்திருக்காதீர்கள். பத்தாயிரம் முன்பணமும் அசல் சான்றிதழும் கொடுங்கள், கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் உறுதி” என்றார். என் கணவர் தறி வேலை பார்க்கிறவர். கட்டிவிடலாம் என்றே அவருக்குத் தோன்றியது. சான்றிதழைக் கொடுக்க மறுத்தது நான்தான்.

மறுத்ததற்குக் காரணம் மகளின் கணக்கு டீச்சர். கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகை கிடைக்காது, தரவரிசைப்படி அரசு இடம் ஒதுக்கும் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும் என்று அவர்தான் சொன்னார். எங்கள் இரு குடும்பத்திலும் பட்டம் வாங்கியவர் எவரும் இல்லை. வந்தவருக்கு அது தெரியாமலா இருக்கும்? அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. நான்கு ஆண்டும் கிடைக்க வேண்டிய உதவி, ஒரு பிற்பகலில் கைநழுவிப் போயிருக்கும்.

முதல் பட்டதாரிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று கட்டம் தாண்டிக் கைக்கு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. இதைத் தேர்வு முடிந்த கையோடு செய்திருக்க வேண்டும். கவுன்சலிங் விண்ணப்பம் வீட்டிலிருந்தே போடக்கூடியதுதான். கட்டணம் 500 ரூபாய். சந்தேகம் வந்தபோது கவுன்சலிங்கிற்கான சேவை மையத்துக்குப் போய்க் கேட்டோம், பொறுமையாகச் சொன்னார்கள்.

தரவரிசைக்கு எடுத்துக்கொள்ளும் கட் ஆஃப் மதிப்பெண் மகளுக்கு 176.5. கணிதத்தில் 90, இயற்பியலில் 87இல் பாதி, வேதியியலில் 86இல் பாதி. அரசு உதவி பெறும் பள்ளியில் படித்ததால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் அவள் வர முடியாது. அந்த ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. எதிர்வீட்டுப் பையன் அதில் சேர்ந்தான். நன்றாக இருக்கட்டும். ஆனால் ஆறாம் வகுப்பில் பள்ளியைத் தேர்ந்தெடுத்த நாளை நினைத்து நான் அன்றிரவு தூங்கவில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒரு கல்லூரிக்கு ஒரு பக்கம் என்று எழுதினேன். சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு தேசிய தர அங்கீகாரம் (என்.பி.ஏ.) பெற்ற படிப்பென்றால் ஆண்டுக்கு 55,000, இல்லையென்றால் 50,000 என்று கட்டணக் குழு 2017இல் நிர்ணயித்திருக்கிறது. அதை மட்டும் நம்பிக் கணக்குப் போடக் கூடாது. நேரிலும் போனிலும் கேட்டேன். பஸ், தேர்வுக் கட்டணம், சீருடை, வேலைவாய்ப்புப் பயிற்சி என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஒரு கல்லூரியின் பக்கத்தில் ஆண்டுத் தொகை 1,05,000 ஆனது. எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது அங்கே தயங்கினார்கள். அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன்.

தேர்ச்சி விவரத்தையும் அதே நோட்டில் எழுதினோம். அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு பருவத் தேர்வுக்கும் கல்லூரி வாரியாகத் தேர்ச்சி சதவீதத்தை வெளியிடுகிறது. திண்ணைக்கு வந்தவரின் கல்லூரியை மகள் தேடிப் பார்த்தாள். முப்பதைத் தொடவில்லை. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள், அவர் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அந்தப் பட்டியலில் இருக்காது. அங்கே படிக்கும் பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும்.

எங்களுக்குள் சண்டை வந்தது பாடப்பிரிவில். அவளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேல் ஆசை. நானோ எந்தப் பிரிவானாலும் அரசுக் கல்லூரி வேண்டும் என்றேன். இரண்டு நாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் நோட்டை அவளிடமே கொடுத்துவிட்டேன். காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசுக் கல்லூரியில் விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்தும் மதுரைப் பக்கத்துச் சுயநிதிக் கல்லூரியின் செலவில் பாதிகூட வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு, “அம்மா, அரசுக் கல்லூரிகளில் கம்ப்யூட்டரும் எலெக்ட்ரானிக்ஸும் முதலில் போடுகிறேன், அடுத்து காரைக்குடி எலெக்ட்ரிகல், அதற்குக் கீழேதான் சுயநிதி” என்றாள். முடிவு அவளுடையது. அதில் எனக்கு நிம்மதி.

ஜூலை கடைசியில் கவுன்சலிங்கில் எங்கள் தரவரிசைக்கான இரண்டாம் சுற்று. விருப்பப் பட்டியல் நிரப்ப மூன்று நாள். பிரவுசிங் சென்டர்க்காரர், “கிடைக்கக்கூடியதை மேலே போடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றும் கிடைக்காது” என்றார். இது தவறு. நம் தரவரிசை வரும்போது, நம் பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் காலியாக இருக்கும் இடத்தைத் தருகிறார்கள். எட்டாத இடத்தை மேலே போடுவதால் கீழே இருப்பது பறிபோகாது. ஆனால் கிடைக்கக்கூடியதை மேலே போட்டால், அதற்குக் கீழே எழுதிய நல்ல இடத்தை அவர்கள் பார்க்கவே மாட்டார்கள். கல்லூரி எண்ணையும் பிரிவின் குறியீட்டையும் அவள் வாசிக்க, நான் நோட்டைப் பார்த்துச் சரிபார்த்தேன். மொத்தம் 41 இடங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்தது: நான்காவது விருப்பம், காரைக்குடி எலெக்ட்ரிகல். உறுதி செய்ய இரண்டு நாள் உண்டு. ஏற்றுக்கொண்டு சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பங்களுக்குக் காத்திருப்பதா என்று இணையதளம் கேட்கிறது. இந்த இடத்தை ஏற்றுக்கொண்டே காத்திருந்தோம். மேலே எதுவும் காலியாகவில்லை. அன்று அவள் கொஞ்சம் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

விடுதிக்கும் மடிக்கணினிக்கும் 1,80,000 ரூபாய் கல்விக் கடன் கேட்டு வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்தோம். வங்கியில் வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். 4 லட்சம் வரை பிணையும் தேவையில்லை, நம் பங்குத் தொகையும் தேவையில்லை, பெற்றோர் உடன் கையெழுத்திட்டால் போதும் என்ற விதியை டீச்சர் அச்செடுத்துக் கொடுத்திருந்தார். மூன்றாம் முறை போனபோது அதை மேசையில் வைத்தேன். மேலாளர் படித்துவிட்டுக் கோப்பை வாங்கிக்கொண்டார். பணம் வர ஐந்து வாரம் ஆனது. அதுவரை கையில் இருந்த இரண்டு வளையலை அடகு வைத்துச் சமாளித்தோம்.

தமிழ் வழியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கிறது. 2024 டிசம்பர் கடைசியில்தான் உதவி பெறும் பள்ளி மாணவிகளுக்கும் அதை விரிவாக்கினார்கள். அதில் விடுதியின் சில்லறைச் செலவு நடக்கிறது. அடுத்த தவணைக் கடனுக்கு மதிப்பெண் பட்டியலோடு வங்கிக்குப் போக வேண்டும். நோட்டில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தேதியை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.