பழைய டொல்பின் வானும் அதன் இறப்பர் புஷ்களும்

திருகோணமலையில் பாடசாலைப் பிள்ளைகளையும் கோணேசர் கோயிலுக்கு வரும் அடியார்களையும் இன்றும் ஏற்றியிறக்கும் வான்களுள், நம்மவர் ‘டொல்பின்’ என்றே அழைக்கும் பழைய டொயோட்டா ஹயஸ் வான்களைத் தாராளமாகக் காணலாம். 1989 இல் வெளிவரத் தொடங்கிய வகை அது. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டுவிட்டாலும், வரியோடு சேர்த்துச் சொல்லப்படும் விலை வாடகைக்கு ஓடிப் பிழைப்பவருக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே, கையில் இருக்கும் வானை இன்னும் பல ஆண்டுகள் பாதுகாப்பாக ஓட்டவேண்டியிருக்கிறது. என்னுடையதும் ஒரு டொல்பின்தான். அதன் சஸ்பென்ஷனை, அதாவது சில்லுகளை வானோடு இணைத்துக் குலுக்கலைத் தாங்கும் பாகங்களைப் பேணுவது குறித்து நான் உறுதியாக நம்பும் ஒன்றை இங்கே எழுதுகிறேன்: செலவை ஷொக் அப்சோர்பரில் தொடங்கக்கூடாது, அந்தப் பாகங்களின் இணைப்புகளில் உள்ள இறப்பர் புஷ்களில் தொடங்கவேண்டும்.

‘முன்பக்கத்தில் ஏதோ தட்டுகிறது’ என்று கராஜில் சொன்னவுடன் புதிய ஷொக்குக்கு விலை சொல்லப்படுவது வழக்கமாகிவிட்டது. ஆனால், ஷொக் அப்சோர்பர் வானின் பாரத்தைத் தாங்குவதில்லை. பள்ளத்தில் விழுந்த வான் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்காதபடி அந்த ஆட்டத்தை அடக்குவதே அதன் வேலை. அதிலிருந்து எண்ணெய் கசிந்தாலோ, ஒரு மேட்டைக் கடந்த பின்னும் உடற்பகுதி தொடர்ந்து ஊசலாடினாலோ, டயர் ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்தாலோ அதைச் சந்தேகிப்பது சரி. மாறாக, மெதுவாகச் செல்லும்போது சிறிய மேடுபள்ளங்களில் ‘டக்’ என்ற ஒலி எழுவதும், பிரேக் பிடிக்கும்போது வான் ஒரு பக்கம் இழுப்பதும், நேரான வீதியிலும் ஸ்டியரிங்கை ஓயாமல் திருத்தவேண்டியிருப்பதும் பெரும்பாலும் தேய்ந்த புஷ், போல் ஜொயின்ட் (சில்லு திரும்பவும் ஏறியிறங்கவும் இடம்கொடுக்கும் குண்டு மூட்டு), டை ரொட் எண்ட் (ஸ்டியரிங்கின் அசைவைச் சில்லுக்குக் கொண்டுசெல்லும் கம்பியின் முனை மூட்டு) ஆகியவற்றின் அறிகுறிகள். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, வானொலியை நிறுத்தி, கிண்ணியாப் பாலத்தின் இணைப்புகளை மெதுவாகக் கடந்து பார்த்தால், ஒலி எந்தச் சில்லின் பக்கம் எழுகிறது என்பது ஓரளவு தெளிவாகிவிடும்.

டொல்பினின் முன்பக்கத்தில் ஒவ்வொரு சில்லையும் மேலும் கீழுமாக இரண்டு இரும்புக் கைகள் (ஆர்ம்) பிடித்திருக்கின்றன. அந்தக் கைகள் செசியோடு (வானின் அடிச்சட்டத்தோடு) இணையும் இடங்களில்தான் புஷ்கள் உள்ளன. வெளியே ஓர் இரும்புக் குழல், உள்ளே இன்னொரு குழல், இரண்டுக்கும் நடுவே ஒட்டிய இறப்பர் என்பதே அதன் அமைப்பு. சில்லு ஏறி இறங்கும்போது அந்த இறப்பர் முறுகி, மீண்டும் தன் நிலைக்கு வருகிறது. அங்கே எதுவும் வழுக்கிச் சுழல்வதில்லை. இதைப் புரிந்துகொண்டால், பொருத்தும்போது கவனிக்கவேண்டிய மிக முக்கியமான விடயமும் புரிந்துவிடும். ஜக்கில் ஏற்றப்பட்ட வானில் சில்லு கீழே தொங்கிக்கொண்டிருக்கும்போதே புஷ்ஷின் போல்ட்டை முழுவதுமாக இறுக்கினால், உட்குழல் அந்தத் தொங்கும் நிலையிலேயே பூட்டப்பட்டுவிடும். பின்னர் வானைத் தரையில் இறக்கும்போது, ஓடத் தொடங்குமுன்பே இறப்பர் முறுகிய நிலைக்கு வந்துவிடுகிறது. வான் நிறுத்தப்பட்டிருக்கும் இரவெல்லாம்கூட அந்த முறுக்கு நீங்காது. இப்படிப் பொருத்தப்பட்ட புதிய புஷ், எத்தனை தரமானதாயினும், விரைவில் கிழிந்துவிடும். போல்ட்டைக் கையளவில் பிடிக்கவிட்டு, வானைத் தரையில் இறக்கி, சில முறை அமுக்கி ஆட்டி, சில்லுகள் வானின் பாரத்தைத் தாங்கி நிற்கும்போதுதான் இறுதியாக இறுக்கவேண்டும். அதற்காக நிலத்தில் படுத்து அரை மணி நேரம் கூடுதலாகச் சிரமப்பட வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தை ஏற்காத கராஜில் இந்த வேலையைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

புதிய புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவதையும் நான் ஏற்பதில்லை. குழலின் விளிம்பு நெளிந்துவிட்டால் இரும்புக் கையில் அது சரியாக அமராது. ஹைட்ரோலிக் பிரஸ் உள்ள இடத்தில் அமுக்கி ஏற்றுவிப்பதே முறை. இறப்பருக்குக் கிரீஸோ எஞ்சின் ஓயிலோ பூசக்கூடாது, அவற்றால் இறப்பர் ஊதி மென்மையாகிவிடும். வழுக்கல் வேண்டுமானால் சோப்பு நீர் போதும்.

கடலோரத்தில் இருக்கும் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் பயணிகளை இறக்கும்போது வான் கடற்கரை மணல்வரை செல்கிறது. கச்சான் காற்று வீசும் நாள்களில் வீதியின் புழுதியும், வாடைக்காலத்து மாரியில் சேறும் அடியில் படிகின்றன. உப்பு கலந்த அந்த ஈரம் புஷ்ஷின் உட்குழலுக்கும் போல்ட்டுக்கும் இடையில் நுழைந்து, கறள் பிடிக்கச் செய்து, இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. பிறகு ஒரு புஷ்ஷைக் கழற்ற முனைந்தால் போல்ட்டை வெட்டி எடுப்பதைத் தவிர வழியிருக்காது. வாயுச் சுவாலையால் சூடாக்கினால் அருகிலுள்ள இறப்பரும் கருகும். கடற்கரைக்குப் போய் வந்த பின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் நன்கு கழுவுவதும், புதிதாகப் பூட்டும் போல்ட்டின் புரி இல்லாத நடுப்பகுதியில் மட்டும் கறள் தடுக்கும் பசையை மெல்லிதாகப் பூசுவதும் அடுத்த முறை வேலை செய்பவருக்குச் செய்யும் பெரிய உதவி.

போல் ஜொயின்ட்டை இறப்பர் உறையிலிருந்து சோதிக்கத் தொடங்கவேண்டும். உறை கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருந்தால், ஆட்டம் இன்னும் தெரியாவிட்டாலும் மணலும் நீரும் உள்ளே போய்விட்டன என்றே கொள்ளலாம். ஆட்டத்தைப் பார்க்க, ஜொயின்ட்டின் மேல் ஸ்பிரிங்கின் அழுத்தம் இல்லாதபடி வானை உயர்த்தி, சில்லின் அடியில் அலவாங்கை வைத்து நெம்பவேண்டும். அதே வேளையில் இன்னொருவர் ஜொயின்ட்டைக் கூர்ந்து பார்க்கவேண்டும். ஜக்கை மட்டும் நம்பி வானுக்கு அடியில் ஒருபோதும் போகக்கூடாது. உறுதியான தாங்கிகள் இல்லாவிட்டால் அன்றைய வேலையை ஒத்திவைத்துவிடுங்கள்.

முன்பக்கப் பாரத்தைத் தாங்குவது டோர்ஷன் பார் என்னும் முறுகு கம்பி. அதன் ஒரு முனையில் உள்ள போல்ட்டைத் திருகினால் வானின் முன்பக்கம் உயரும். தாழ்ந்துபோன வானை உயர்த்த இது எளிய வழி என்று பலர் கருதி அளவுக்கு மீறித் திருகுகிறார்கள். உயரம் கூடுமேயன்றிக் கம்பியின் வலிமை கூடுவதில்லை. மாறாக, சில்லு கீழே இறங்குவதற்கான இடம் குறைந்து, போல் ஜொயின்ட்கள் சாய்ந்த நிலையில் வேலை செய்யத் தொடங்கி, டயரும் ஓரத்தில் தேயும். இடது கம்பியையும் வலது கம்பியையும் மாற்றிப் போடுவதும் கூடாது, ஏனெனில் ஒவ்வொன்றும் ஒரு திசையில் முறுகவே தயாரிக்கப்பட்டது.

பின்பக்கம் வில்லுத் தகடுகளால் ஆனது, முன்பக்கத்தைவிட எளிமையானது. தகட்டின் முனையைச் செசியோடு இணைக்கும் ஷெக்கிலின் புஷ்களையும், தகடுகளில் வெடிப்பு உண்டா என்பதையும், தகடுகளை நடுவில் கோர்க்கும் சென்டர் போல்ட்டையும் பாருங்கள். அதிக பாரத்துக்காகக் கூடுதல் தகடு சேர்ப்பவர்கள், பாரம் குறைந்த வானில் பிள்ளைகள் குலுங்குவதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். தகடுகளைக் கழற்றிப் பூட்டினால் அவற்றை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்களைப் புதிதாகப் போட்டு, சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் இறுக்கவேண்டும், ஏனெனில் தகடுகள் அமர்ந்ததும் அந்த போல்ட்கள் தளர்ந்துவிடும்.

உதிரிப்பாகங்களைப் பொறுத்தவரை, கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த பாகங்கள் கிடைக்கின்றன. கைகள், சில்லைத் தாங்கும் நக்கிள் போன்ற இரும்புப் பாகங்களை அங்கே வாங்கலாம். இறப்பரையும் போல் ஜொயின்ட்டையும் பாவித்ததாக வாங்கவேண்டாம். இந்த வேலைகள் அனைத்தும் முடிந்து, வானின் உயரம் இரு பக்கமும் சமமாக இருப்பதை அளந்து உறுதிசெய்த பின்னரே சில்லுகளின் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டுக்குக் கொண்டுபோங்கள். ஆடும் புஷ்களின்மேல் செய்யப்படும் அலைன்மென்ட், கந்தளாய் போய்த் திரும்புவதற்குள் மாறிவிடும். புஷ்களும் ஜொயின்ட்களும் சரியான பிறகும் வான் ஊசலாடினாலோ முன்பு சொன்ன எண்ணெய்க் கசிவு போன்ற அறிகுறிகள் இருந்தாலோ மட்டும் ஷொக்கை மாற்றுங்கள், அதையும் ஒரு அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.