உன் தட்டு, உன் கணக்கு

மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புத் தொலி உரிக்கும் பீலிங்குக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலை சீக்கிரம் கைவந்துவிடும். கூட இருப்பவர்களில் யார் பாசத்தில் பேசுகிறார்கள், யார் கணக்கில் கை வைக்கப் பேசுகிறார்கள் என்று பிரித்தறியத்தான் நாளாகும்.

இங்கே கூலி கிலோ கணக்கு. போர்மா என்ற சூட்டு அறையில் காய்ந்து வந்த பருப்பை எடை போட்டுத் தருவார்கள். தொலி உரித்து முழுசு, பிளவு, நொறுங்கல், தொலி என்று தனித்தனியாகத் திருப்பி எடை போட வேண்டும். முழுசுக்குத்தான் நல்ல விலை. 320 தரம் என்றால் ஒரு ராத்தலுக்கு (பவுண்டுக்கு) 300 முதல் 320 முழுப் பருப்பு. உடைந்தது எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் அதில் சேராது. ஒரு தட்டிலிருந்து ஒரு பிடி நொறுங்கல் பக்கத்துத் தட்டுக்கு மாறினால் ஏச்சு வாங்குவது பக்கத்துத் தட்டுக்காரிதான்.

கணக்கில் கை வைக்கிற பேச்சு சண்டையாக வராது. "மக்களே, நீ போய் வெள்ளம் குடிச்சிட்டு வா, உனக்க தட்ட நான் பாத்துக்கிடுதேன்" என்று வரும். இல்லையென்றால், "எனக்கு இண்ணு கொறவு, ரெண்டு கிலோ எனக்க பேருல எழுதச் சொல்லு, நாளைக்குத் தாறேன்." அந்த நாளை வராது. ரிஜிஸ்டரில் ஏறிய எடையை மறுநாள் யாரும் மாற்றி எழுத மாட்டார்கள்.

பதில் ஒரே வரி: "இல்லக்கா, எனக்க கணக்கு எனக்கே இருக்கட்டும்." காரணம் சொல்லாதீர்கள். பிள்ளைக்கு பீஸ் கட்டணும் என்றால், எனக்கும் பிள்ளை உண்டு என்று வரும். பேச்சு நீளும், நீங்கள் தோற்பீர்கள். உதவ மனமிருந்தால் போகிற வழியில் கையில் ரூபாயாகக் கொடுங்கள். எடையில் வேண்டாம்.

ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, வாங்கிய எடை, திருப்பிய நான்கு எடையும். நான்கையும் கூட்டினால் வாங்கிய எடையை ஒட்டி வர வேண்டும். அன்று மாலையே ரிஜிஸ்டரோடு ஒத்துப் பாருங்கள். தட்டைக் கொட்டிவிட்டால் பிறகு கேட்பதற்குச் சாட்சி இல்லை. எழுந்து போகும்போது தட்டைத் துணியால் மூடிவிட்டுப் போங்கள்.

"சூப்பர்வைசர் உன்னப் பத்தி இப்பிடிச் சொன்னாரு" என்றால், "வாங்கக்கா, ரெண்டு பேரும் போய்க் கேப்போம்" என்று எழுந்துவிடுங்கள். அதோடு பெரும்பாலும் நிற்கும்.

பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். அந்த அக்காவோடுதான் ஒரே வேன், ஒரே பணச் சீட்டு, ஒரே கோயில். முகத்தைத் திருப்பிக்கொள்வார், டீக்குக் கூப்பிட மாட்டார். மனசு கேட்காமல் ஒரு நாள் ஒரு கிலோ விட்டுக்கொடுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேனும் சீட்டும் பழையபடி போகட்டும், நீங்களே முதலில் பேசுங்கள். தட்டு மட்டும் தனி.

வேலையில் மேலே இருக்கிற ஆண் ஒருவர் உங்கள் உடம்பைப் பற்றிப் பேசினாலோ உங்களைத் தொட்டாலோ அது வேறு விஷயம். வேலையிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். நடந்ததிலிருந்து 3 மாதத்துக்குள் புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும். விசாரணைக்கு 90 நாள். முதலாளி மேலேயே புகார் என்றால் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181. புகாரில் நாள், நேரம், சொன்ன வார்த்தை கேட்பார்கள். எடை நோட்டின் பின்பக்கத்தில் அன்றன்றைக்கே குறித்து வையுங்கள்.