ரிப்போர்ட் வருமுன் வைத்தீஸ்வரன் கோயிலுக்கு

என் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று பயாப்ஸி சொல்லிவிட்டது. ரத்தப் பரிசோதனையில் பிஎஸ்ஏ 18, நோயின் வீரியத்தைச் சொல்லும் கிளீசன் எண் 7. நோய் சுரப்பிக்குள்ளேயே நிற்கிறதா, நிணநீர் முடிச்சுக்கோ எலும்புக்கோ போய்விட்டதா என்று பார்க்கத்தான் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன். உள்ளேயே இருந்தால் ஆபரேஷன் அல்லது ரேடியேஷன், பரவியிருந்தால் ஹார்மோன் ஊசியில் தொடங்கி வேறு வழி என்றார் டாக்டர். காலியம் என்ற கதிரியக்க மருந்தை நரம்பில் ஏற்றி, ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். ரிப்போர்ட் வியாழக்கிழமை. நடுவில் வந்தது செவ்வாய்க்கிழமை. "என்னங்க, வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றாள் என் மனைவி.

மயிலாடுதுறையிலிருந்து சீர்காழி பஸ். இறங்கியதுமே நாடி ஜோதிட போர்டுகள். ஒருவர் கூடவே நடந்து வந்து, "கட்டைவிரல் ரேகை கொடுங்க ஐயா, ஓலையில எல்லாம் இருக்கு" என்றார். அந்த நேரத்தில் எனக்கு ஆசை வந்தது. யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லதோ கெட்டதோ, அதையே பிடிச்சுக்கிட்டு வியாழக்கிழமை வரைக்கும் தூங்க மாட்டீங்க. வாங்க." நாடியை நம்புகிறவர்களைக் குறை சொல்லவில்லை. எங்களுக்கு அன்றைக்கு அது வேண்டியிருக்கவில்லை.

சித்தாமிர்தக் குளத்தில் வெல்லம் கரைத்தோம். கட்டியைத் தண்ணீருக்குள் பிடித்திருந்தேன். முதலில் மூலைகள் மழுங்கின, பிறகு விரலுக்கிடையே பழுப்பாக ஒரு கலங்கல் ஓடியது, கடைசியில் பிசுபிசுப்பு மட்டும் மிஞ்சியது. உப்பும் மிளகும் வாங்கிச் செலுத்தினோம்.

செவ்வாய் அங்காரகனுக்குரிய நாள், நல்ல கூட்டம். வரிசையில் பாதிப் பேர் கையில் ஆஸ்பத்திரி ஃபைல். எனக்கு முன்னால் நின்ற அம்மாவின் கட்டைப்பையிலிருந்து எக்ஸ்ரே கவர் நீட்டிக்கொண்டிருந்தது. 4448 வியாதிகளையும் தீர்ப்பவர் என்று சொல்லும் சந்நிதி அல்லவா! வைத்தியநாதர் முன்னால் நின்றபோதுதான் எனக்கு என்ன கேட்பதென்றே தெரியவில்லை. படம் எடுத்தாகிவிட்டது, அதில் இருப்பது இருக்கிறது. 'தீராநோய் தீர்த்தருள வல்லான்' என்று இந்த ஊரில் அப்பர் பாடியதை மட்டும் வாய் முணுமுணுத்தது. தையல்நாயகி சந்நிதியில் அவள் தயக்கமே இல்லாமல் கேட்டாள். "எலும்புக்குப் போயிருக்கக் கூடாது தாயே" என்று என் காதில் விழும்படியே கேட்டாள்.

முருகனான செல்வமுத்துக்குமாரரைத் தரிசித்துவிட்டு ஜடாயு குண்டத்துக்கு வந்தோம். ராவணன் வெட்டி வீழ்த்திய ஜடாயுவுக்கு ராமன் இறுதிக் கடன் செய்தது இங்கேதான் என்பது தலபுராணம். புள்ளிருக்குவேளூர் என்ற இந்த ஊரின் பழைய பெயரில் இருக்கும் புள், அதாவது பறவை, அவர்தான். நெற்றியில் பூசிய விபூதியோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சிறுவயதிலிருந்து கேட்ட கதைதான், ஆனால் அவர் போரிட்டதையே நினைத்திருக்கிறேன், விழுந்து கிடந்த நேரத்தை நினைத்ததில்லை. சிறகு போய்விட்டது. ராமன் அந்த வழியாக வருவானா என்று அவருக்கு எப்படித் தெரியும்? வேறு திசையில் தேடிப் போயிருக்கலாமே. வந்தால் சொல்ல வேண்டிய ஒரு செய்தி இருந்தது, அதற்காக உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். என்ன வரும் என்று தெரிந்துகொண்டு காத்திருக்கவில்லை.

அங்கேதான் எனக்கு வேண்டுதல் வந்தது. வியாழக்கிழமை எது வந்தாலும் அன்றைக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய உடம்பும் புத்தியும் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவள் கேட்டதையும் சேர்த்தே கேட்டேன், மறைப்பானேன்.

பிரசாதமாகத் திருச்சாந்துருண்டை என்ற மருந்து உருண்டை கிடைத்தது, வாயில் போட்டுக்கொண்டோம். டாக்டர் கொடுத்த மாத்திரையையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தவறாமல் போட்டேன். இந்தக் கோயிலுக்கு நோயோடு வருகிறவர்கள் எதையும் நிறுத்திவிட்டு வர வேண்டாம், வைத்தியத்தோடு வாருங்கள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டரைப் பார்க்கிறோம். படிக்கிறவர்கள் அந்த நேரத்தில் தையல்நாயகியிடம் எங்களுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.