ஏழு செக்கன் மணி

நம் பள்ளிக்கூடத்துப் பௌதிக ஆய்வுகூடத்தின் யன்னல்கள் கோயில் வீதியைப் பார்த்தன. உயர்தர மாணவருக்கு ஒலிச் செய்முறை நடக்கும் நாட்களில் அவற்றைச் சாத்திவிட்டுத்தான் தொடங்குவார்கள். சாத்தியும் பயனில்லை. மத்தியானப் பூசைக்குக் கண்டாமணி அடித்தால், ஒலியின் வேகத்தை அளக்க வைத்திருக்கும் பரிவுக் குழாயில் ஒன்றும் கேளாது. மணி ஓயும்வரை வகுப்பு முழுவதும், தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் இசைக்கவையைக் கையில் பிடித்தபடி நிற்கும். வீதியில் வழிபாடாக இருந்த அதே ஒலி, யன்னலுக்கு உள்ளே இடைஞ்சல்.

செய்முறையை மறந்தவர்களுக்காக: 512 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 512 அதிர்வு) இசைக்கவையை இறப்பர்த் துண்டில் தட்ட வேண்டும். மேசை விளிம்பில் தட்டினால் மேற்றொனிகள் கூடக் கிளம்பும், கவையும் நாளடைவில் கெடும். தட்டிய கவையைக் குழாயின் வாய்க்கு மேல் பிடித்து, உள்ளேயிருக்கும் நீர்மட்டத்தை மெல்ல இறக்கினால் ஓரிடத்தில் ஒலி திடீரென்று பொங்கும். அதுதான் பரிவு. 3 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாயில், நம்மூர் 30 பாகை வெப்பத்தில், நீருக்கு மேலுள்ள வளிநிரல் ஏறக்குறைய 16.2 சென்ரிமீற்றராக இருக்கும்போது முதற்பரிவு. அடுத்தது 50.3இல். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் குழாயின் வாய்க்குச் சற்று வெளியேயும் அதிரும் காற்றுக்கான முனைத்திருத்தம் தானாகவே ஒழிந்துபோகும். மிஞ்சும் 34.1 அரை அலைநீளம், அதை இரட்டித்து 512ஆல் பெருக்கினால் ஒலியின் வேகம் செக்கனுக்கு 349 மீற்றர்.

பிழை இங்கேதான் வரும். புத்தகத்தில் 330 என்று இருக்கும். அது 0 பாகைக்கான எண் என்பதைக் கவனிக்காமல், 349 வந்ததும் பயந்து, 330 வருமாறு நீளங்களை 'திருத்தி' எழுதிய கொப்பிகள் ஆண்டுதோறும் இருந்தன. விடையை முதலில் எழுதிவிட்டு அளவீட்டைப் பிறகு நிரப்புவது. திருத்துகிற ஆசிரியருக்கு அது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இரண்டு பரிவு நீளங்களும் தத்தம் கணக்கில் அளவுக்கு மீறி ஒத்துப்போகும்.

கோயில் மணியைப் பற்றி இப்போது கைபேசிகளில் சுற்றும் ஒரு செய்தியைப் படித்தால் அந்தக் கொப்பிகள்தான் நினைவுக்கு வருகின்றன. மணியின் கார்வை, அதாவது அடித்தபின் நீளும் ஒலி, சரியாக 7 செக்கன் நிற்குமாம், உடலின் 7 சக்கரங்களையும் தொடுமாம், மூளையின் இரு பாதிகளையும் இணைக்குமாம். சக்கரம் 7 என்ற விடை முதலில் வந்துவிட்டது. செக்கன் அதற்குப் பிறகு வந்தது.

கார்வையை அளப்பது கடினமில்லை. ஆனால் எந்த மணி, எந்த இடம், எப்போது நிறுத்துவது என்ற மூன்றையும் முதலில் தீர்மானிக்க வேண்டும். அர்ச்சகர் கையிலுள்ள சிறுமணியும் கோபுரத்துக் கண்டாமணியும் ஒரே காலம் ஒலிப்பதில்லை. ஒரே மணியையே தொங்கவிட்டு ஒருமுறையும், விளிம்பை விரலால் தொட்டுக்கொண்டு ஒருமுறையும் அடித்துப் பாருங்கள். இரண்டாவது உடனே செத்துவிடும். அமைதியான மண்டபத்தில் நெடுநேரம் கேட்கும் கார்வை, திருவிழாக் கூட்டத்தில் இரண்டு செக்கனில் தொலைந்துபோகும். ஓயும் கணத்தைக் காதால் முடிவு செய்தால் ஆளுக்கொரு விடை வரும். அதனால்தான் ஒலியியலாளர் ஒலிமட்டம் 60 டெசிபெல் இறங்குவதற்கு எடுக்கும் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள்.

உலோகத்திலும் ஒரு நம்பிக்கை உண்டு: மணியைப் பஞ்சலோகத்தில் வார்த்தால் நாதம் தெய்விகமாகும் என்பது. பஞ்சலோகம் விக்கிரகத்துக்கு உரிய கலவை. நல்ல மணி வெண்கலம். செம்பு ஏறக்குறைய 78 பங்கு, வெள்ளீயம் 22 பங்கு. வெள்ளீயம் குறைந்தால் ஒலி மந்தமாகும், 25ஐத் தாண்டினால் மணி நொறுங்கும். காரீயம் சேர்ந்தால் கார்வையைத் தின்றுவிடும். மணிக்கு வர்ணம் பூசுவதும் சந்தனத்தைக் கட்டியாக அப்புவதும் அதே வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யும்.

ஆனால் மணி ஓங்காரம் சொல்கிறது என்பதை நான் தள்ள மாட்டேன். மணியில் ஒரே நேரத்தில் பல அதிர்வுகள் எழுகின்றன. ஐரோப்பியத் தேவாலய மணிகளை உட்புறம் கடைந்து, அவற்றின் முக்கிய ஐந்து தொனிகளையும் 1 : 2 : 2.4 : 3 : 4 என்ற விகிதத்துக்குக் கொண்டுவருவார்கள். கடையாத மணியில் விகிதம் மாறும். எந்த மணியானாலும் பொதுவாக உயர்ந்த தொனிகள் முதலில் அடங்கும், அடித்தொனி கடைசிவரை நிற்கும். திறந்த வாயால் 'ஓ' என்று தொடங்கி உதட்டை மூடி 'ம்' என்று முடிக்கும்போதும் உயர்ந்த தொனிகளே முதலில் அறுபடுகின்றன. இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பதற்குக் காரணம் அது. இதை முதலில் கேட்டுச் சொன்னவருக்குக் கருவி இருக்கவில்லை, காது இருந்தது.

அதற்கு மேலே போய், ஓம் என்று ஒலித்தால் மணலில் ஸ்ரீசக்கரம் எழும் என்பவர்கள், அதிரும் தகட்டில் மணல் கோலமிடும் கிளாட்னித் தட்டைத் தாங்களே ஒருமுறை செய்து பார்க்கலாம். ஒரு மில்லிமீற்றர் தடித்த பித்தளைத் தகட்டை ஓர் அடிச் சதுரத்துக்குள் வெட்டி, நடுவில் இறுக்கி, உலர்ந்த அரித்த மணலைத் தூவுங்கள். விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, குங்கிலியம் தேய்த்த வயலின் வில்லால் வேறோர் இடத்தில் மேலிருந்து கீழாக இழுங்கள். தகடு அசையாத கணுக்கோடுகளில் மணல் போய்ச் சேரும். விரலை இரண்டு அங்குலம் நகர்த்தினால் கோலம் மாறும். சதுரத் தகட்டுக்குப் பதிலாக வட்டத்தகடு வைத்தால் வேறு கோலம். படத்தைத் தீர்மானிப்பதில் தகட்டின் வடிவத்துக்கும் தடிப்புக்கும் பிடிக்கும் இடத்துக்கும் பெரும்பங்கு உண்டு. மணலுக்குப் பதிலாக மிக மென்மையான தூளைப் போட்டால் அது எதிரிடையாக, மிகுதியாக அதிரும் முரண்கணுக்களில் போய்க் குவியும். தகட்டுக்கு மேல் எழும் காற்றோட்டமே அதைக் கொண்டுபோகிறது என்று பௌதிகவியலாளர் பரடே 1831இல் விளக்கினார். ஒரே தகடு, ஒரே ஒலி, தூவிய பொருளுக்கு ஏற்ப இரண்டு படங்கள்!

'பூமியின் மந்திர மீடிறன்' (அதிர்வெண்) என்று சொல்லப்படும் 7.83 ஹேர்ட்ஸ் ஒலியே அல்ல. அது பூமிக்கும் உயரே மின்னேற்றமுள்ள அயனமண்டலத்துக்கும் இடையில் மின்னல்கள் எழுப்பும் மின்காந்த அலை. பௌதிகவியலாளர் ஷூமான் 1952இல் கணித்தது. காது ஏறக்குறைய 20 ஹேர்ட்ஸுக்குக் கீழே கேளாது. சூரியனே ஓம் என்கிறது என்பாரும் உண்டு. சூரியன் அதிர்வது உண்மை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. அதை 40,000 மடங்கு விரைவாக்கினால்தான் 133 ஹேர்ட்ஸாகிக் காதுக்கு வரும். விரைவாக்கியவர் எந்தச் சுருதியைத் தேர்ந்தாரோ அந்தச் சுருதி.

மணி அடிக்கும்போது சொல்லும் மந்திரமோ வேறொன்றைச் சொல்கிறது. 'ஆகமார்த்தம் து தேவானாம், கமனார்த்தம் து ரக்ஷஸாம்': தேவர்கள் வருவதற்காக, அரக்கர்கள் போவதற்காக. செக்கனும் இல்லை, மூளையும் இல்லை. அந்த மந்திரம் சுருதி அளக்கும் சுரமானிக்கு முன்னால் சாட்சி சொல்லவும் வரவில்லை.

புலம்பெயர்ந்த நாடுகளில் கோயில் நடத்தும் நம் பழைய மாணவர் சங்கத்தவர் சிலர் இதை வாசிப்பார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. மணியின் நாக்கு அடித்தவுடன் விலக வேண்டும். கயிற்றை நாக்கில் கட்டி, இழுத்துப் பிடித்தபடி அடித்தால் நாக்கு விளிம்பிலேயே அழுந்தி நிற்கும். கார்வை அமுங்குவதோடு மணியும் காலப்போக்கில் வெடிக்கும். பல ஆண்டு ஒரே இடத்தில் பட்டு விளிம்பு தேய்ந்திருந்தால், கழற்றிக் கால்வட்டம் திருப்பித் தொங்கவிடுங்கள். வெடிப்பைச் சந்தேகித்தால் மரச்சுத்தியலால் விளிம்பைச் சுற்றி எட்டு இடங்களில் மெதுவாகத் தட்டிக் கேளுங்கள். நல்ல மணியிலும் ஒலி கூடிக் குறைந்து அலையும். வார்ப்பு முழு வட்டமாக அமையாததால் நெருங்கிய இரு மீடிறன்கள் எழுப்பும் அடிப்பு அது, ஆய்வுகூடத்தில் இசைக்கவையில் மெழுகு ஒட்டி எண்ணினோமே, அதே அடிப்பு. கரகரப்புக் கேட்டால் மட்டும் மணியை நிறுத்திவிட்டு வார்ப்புக்காரரை அழையுங்கள்.