ஒரே நேரத்தில் அடைக்கு உட்கார்ந்த இரண்டு கோழிகள்

கொல்லையில் வளரும் கோழிகளில் இரண்டு ஒரே சமயத்தில் அடைக்கு உட்கார்ந்துவிட்டால், எதைக் குஞ்சு பொரிக்க விடுவது, எதை அடை தெளிய வைப்பது என்பதை உடனே முடிவு செய்துவிட வேண்டும். அடையில் இருக்கும் கோழி முட்டையிடாது. இரையும் சரியாக எடுக்காது. முட்டைப் பெட்டியை அடைத்துக்கொண்டு மற்றவற்றையும் உள்ளே விடாது. சென்ற முறை எங்களிடம் கறுப்புக் கோழி ஒன்றும் செங்கோழி ஒன்றும் இப்படி அடுத்தடுத்து உட்கார்ந்தன. இரண்டுக்கும் அடியில் பொய் முட்டைகளை வைத்துச் சில நாட்கள் கவனித்தேன். கறுப்புக் கோழி இரவிலும் பெட்டியை விட்டு எழவில்லை. கையை நீட்டினால் சிறகுகளைச் சிலிர்த்துத் தட்டையாகப் பரந்து, தொண்டைக்குள் உறுமி, மணிக்கட்டைக் குறிபார்த்துக் கொத்தியது. அதன் நெஞ்சில் இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரிந்தது. தொட்டால் நன்றாகச் சுட்டது. செங்கோழியோ இரை தின்னப் போய்விட்டுத் திரும்புகையில் எந்தப் பெட்டி காலியாக இருக்கிறதோ அதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இடம் மாறி உட்காரும் கோழியை நம்பி முட்டை வைப்பது வீண். எனவே முட்டைகள் கறுப்புக்கு என்று முடிவாயிற்று.

உட்கார்ந்த இடத்திலேயே கோழியை விட்டுவிட வேண்டும் என்று பலர் சொல்வார்கள். தனிக் கோழிக்கு அது பொருந்தலாம். கூட்டமாக வளர்க்கும் இடத்தில் அடைக்கோழியைவிட மற்றக் கோழிகளால்தான் தொல்லை அதிகம். அது இரை எடுக்க எழுந்த நேரத்தில் வேறொன்று வந்து அதே பெட்டியில் முட்டையிட்டுவிட்டுப் போகும். அந்தப் புது முட்டையில் கரு வளரத் தொடங்குவது தாமதமாகிவிடுவதால், மற்றவை பொரிந்து தாய் எழுந்து போகும்போது அது பாதி வளர்ச்சியிலேயே குளிர்ந்து செத்துவிடும். அதனால் இருட்டிய பிறகு கறுப்புக் கோழியைத் தூக்கி, கம்பிவலை அடித்த தனி அறையில், தரையோடு ஒட்டிய தாழ்வான பெட்டியில் வைக்கோல் பரப்பி, பொய் முட்டைகளின் மேலேயே உட்கார வைத்தேன். முன்னதாகச் சிறகின் அடியிலும் வால் புறத்திலும் பேன் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். மூன்று வாரம் அசையாமல் இருக்கும் கோழியின் உடம்பில் பேன் பெருகினால், அது பொறுக்க முடியாமல் முட்டைகளை விட்டே எழுந்துவிடும்.

புதிய இடத்தில் அது நிலைத்து உட்கார்ந்தபின், இன்னொரு இரவில் பொய் முட்டைகளை எடுத்துவிட்டு நல்ல முட்டைகள் அனைத்தையும் ஒரே தடவையில் வைத்தேன். சேவலுடன் திரியும் கோழிகள் இட்டவை, ஒரு வாரத்துக்குள் சேர்த்தவை, கூர்முனை கீழாகக் குளிர்ச்சியான இடத்தில் வைத்திருந்தவை என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். அழுக்கான முட்டையைக் கழுவி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு கழுவினால் போய்விடும், பிறகு நுண்துளைகள் வழியே கிருமி உள்ளே இறங்கும். எண்ணிக்கையிலும் ஆசை கூடாது. கோழி தன் முட்டைகளை நாளெல்லாம் அலகால் உருட்டி இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். ஒரு முட்டை விளிம்பில் வெளியே தெரிந்தாலும், குளிர்வது அந்த ஒன்று மட்டுமல்ல. ஒவ்வொன்றாக முறைவைத்து வெளியே வந்து குளிரும்.

இதற்கிடையில் செங்கோழியை, அடிப்பாகம் முழுவதும் கம்பிவலையாக உள்ள கூண்டில், வைக்கோல் எதுவும் போடாமல், தரையிலிருந்து உயர்த்தி நிழலில் வைத்தேன். தீவனமும் தண்ணீரும் எப்போதும் உள்ளே இருந்தன. கீழிருந்து காற்றுப் பட்டு வயிறு குளிர்ந்தால், அடையைத் தூண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோனின் சுரப்பு குறைந்து, மூன்று நான்கு நாளில் பெரும்பாலும் தெளிந்துவிடும். தண்ணீரில் முக்கி எடுக்கும் பழைய வழியை நான் கையாள்வதில்லை. கோழி மிரண்டு போகிறதே தவிர, இறகு காய்ந்ததும் மறுபடி பெட்டிக்கே ஓடுகிறது. கூண்டைத் திறந்துவிட்டபோது செங்கோழி கேறிக்கொண்டு பெட்டியைத் தேடாமல் மற்றவற்றோடு மண்ணைக் கிளறப் போனது. தெளிந்ததற்கு அதுவே போதுமான அறிகுறி. முட்டையிடத் தொடங்க மேலும் சில வாரங்கள் பிடிக்கலாம்.

கறுப்புக் கோழிக்கு இரையையும் தண்ணீரையும் பெட்டிக்குச் சற்றுத் தள்ளியே வைத்தேன். கைக்கெட்டும் தூரத்தில் வைத்தால் அது எழாமலே தின்று, கூட்டிலேயே எச்சமிட்டு முட்டைகளை அசுத்தமாக்கிவிடும். நாளுக்கு ஒரு முறை வெளியே வந்து, நாற்றமடிக்கும் பெரிய எச்சம் ஒன்றைப் போட்டு, இரை தின்று, உலர்ந்த மண்ணில் புரண்டுவிட்டு கால் மணி அரை மணியில் திரும்பிவிடும். அவ்வளவு நேரம் முட்டை ஆறுவதால் கேடு இல்லை.

ஏழாம் நாள் இருட்டில் கைவிளக்கின் ஒளியில் முட்டைகளைப் பார்த்தேன். கரு உள்ளவற்றில் செந்நிற நரம்புகள் சிலந்தியின் கால்களாக விரிந்து, நடுவே புள்ளி ஒன்று அசைந்தது. ஒன்றில் நரம்பில்லாமல் வெறும் இரத்த வளையம் மட்டும் தெரிந்தது. கரு செத்துவிட்டது என்று பொருள். அதையும் வெளிறிக் கிடந்தவற்றையும் எடுத்துவிட்டேன். கூமுட்டை கூட்டுக்குள் வெடித்தால் நாற்றத்தோடு போகாது, நல்ல முட்டைகளும் கெடும். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு கையே வைக்கவில்லை.

இருபதாம் நாள் காதைக் கிட்டே கொண்டுபோனபோது ஓட்டுக்குள்ளிருந்து கீச்சொலி கேட்டது. கோழியும் மெல்லக் குரல் கொடுத்தது. மழுங்கிய முனையருகே சிறு விரிசல் விழுந்து, அலகின் நுனி தெரிந்து, பிறகு மணிக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. அந்த நேரத்தில்தான் உதவி செய்யக் கை பரபரக்கும். ஆனால் குஞ்சு அப்போது சும்மா இல்லை; சவ்விலுள்ள இரத்தத்தையும் எஞ்சிய மஞ்சள் கருவையும் உடலுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஓட்டை உரித்தால் இரத்தம் கசிந்து செத்துப்போகும். அந்த மஞ்சள் கருவின் பலத்தில் குஞ்சு இரண்டு நாள் வரை இரையின்றித் தாங்கும். முந்திப் பொரிந்தவற்றை வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு பிந்தியவற்றுக்காகத் தாய் காத்திருக்க முடிவதும் அதனால்தான். தாய் குஞ்சுகளோடு வெளியே இறங்கிய பிறகே மிஞ்சிய முட்டைகளை அப்புறப்படுத்தினேன்.

குஞ்சுகளுக்கான தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போட்டுவைத்தேன். ஆழமான தட்டில் அவை விழுந்து மூழ்கிவிடும். ஈரமான படுக்கையில் இரத்தக் கழிச்சல் வரும் என்பதால் வைக்கோலை அடிக்கடி மாற்றினேன். கம்பிவலை வழியாகப் பெரிய கோழிகள் குஞ்சுகளைப் பார்த்துப் பழகிய பின்னரே கதவைத் திறந்தேன். முதல் கொத்துக்கு வந்த கோழியைத் தாயே விரட்டிவிட்டது. கூட்டத்தோடு கலந்தபின் மிஞ்சியது தீவனப் பிரச்சினைதான். முட்டைக்கோழித் தீவனத்திலுள்ள மிகுதியான சுண்ணாம்புச்சத்து குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனத்தையே போட்டு, முட்டையிடும் கோழிகளின் சுண்ணாம்புச்சத்துக்கு உடைத்த கிளிஞ்சலைத் தனித் தட்டில் வைத்தேன். செங்கோழிதான் அதை முதலில் கொத்தத் தொடங்கியது.