கொழும்புக் கழகத்தில் ஒப்பந்தம் போட்ட கதை

"அண்ணே, கொழும்பு டீமுக்கு எப்படிப் போறது?" என்று தோட்டத்துத் தம்பிமார் கேட்கிறார்கள். நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதி வைக்கிறேன். நான் மஸ்கெலியாப் பக்கம். ஆடுவது உதைபந்தாட்டம், நடுக்களத்தில், அதுவும் பின்களத்துக்கு முன்னால் நின்று பந்தைப் பறித்துப் பக்கத்தில் கொடுக்கிற இடத்தில். கோல் அடிக்கிறவனுக்கு வழி வேறு, அவனை ஊரே தூக்கிக்கொண்டு போய்க் கொழும்பில் விட்டுவிடும். என் இடத்துக்காரன் நன்றாக ஆடினால் அன்றைக்கு எதிர் அணி நன்றாக ஆடவில்லை என்றுதான் பேசிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவன் ஒரு கழகத்துக்குள் போய், எழுத்தில் சம்பளம் வாங்கி, பிறகு சிக்கல் வந்தபோது வெளியே வந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மலையகத்தில் ஆட்டத்துக்குக் குறைவில்லை. ஹட்டன் டன்பார் மைதானத்திலோ நோர்வூட்டிலோ தொடர் என்றால் பஸ் பிடித்து வருவார்கள். ஆனால் பெரும்பாலானவை அணிக்கு ஏழு பேர் ஆடும் ஒருநாள் தொடர்கள். அதில் நடுக்களம் என்று ஒன்றே கிடையாது. கீப்பர் உதைப்பார், பந்து முன்னால் விழும், யாராவது ஓடி அடிப்பார்கள். அங்கே எத்தனை கிண்ணம் தூக்கினாலும் ஒரு மிட்ஃபீல்டரை எடைபோட யாருக்கும் வழியில்லை. அதனால் மாவட்ட லீக்கில் பதிவான கழகம் ஒன்றில் சேர்ந்து பதினொரு பேர் ஆட்டம் ஆட வேண்டும். எஃப்.ஏ. கிண்ணத்துக்குப் போகிற வழி அதுதான். சின்ன லீக் கழகமும் கொழும்பின் பெரிய கழகமும் ஒரே தொடரில் மோதுவது அங்கேதான். என்னையும் அப்படி ஓர் ஆட்டத்தில்தான் பார்த்தார்கள். நாங்கள் தோற்ற ஆட்டம் அது, நன்றாகவே தோற்றோம். கொழும்புதான் ஒரே வழி என்றும் நினைக்க வேண்டாம். 2021இல் நாட்டின் தொழில்முறைத் தொடரான சுப்பர் லீக் தொடங்கியபோது இருந்த 10 கழகங்களில் நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸும் ஒன்று.

அப்புறம் ட்ரயல், அதாவது கழகம் ஆள் எடுக்க வைக்கிற தேர்வு ஆட்டம். பஸ்ஸோ இரவு ரயிலோ, முதல்நாளே இறங்கிவிடுங்கள். மலைக்காரனுக்கு மூச்சு அதிகம் என்று கொழும்பில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை நம்பி யாரும் போகக்கூடாது. வெளிநாட்டு அணிகள் தேடிப்போகிற உயரப் பயிற்சி பெரும்பாலும் 2,000 மீற்றர் அளவிலோ அதற்கு மேலேயோ. ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர், நுவரெலியா நகரமே 1,868தான். கொழும்பில் நம்மைக் கொல்வது ஈரக்காற்று. வியர்வை உடம்பிலேயே நிற்கும், காயாது, சூடு இறங்காது. இருபதாவது நிமிடத்தில் கெண்டைக்கால் இழுக்கும். உடம்பு வெயிலுக்குப் பழகப் பத்து நாள், இரண்டு கிழமை ஆகும். அவ்வளவு நாள் கொழும்பில் தங்க யாரிடம் காசு இருக்கிறது? நான் செய்தது, முதல்நாளே ஜீவனி என்கிற உப்புச் சர்க்கரைத் தூள் பக்கற் ஒன்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தது. காலையிலும் அதே. வெறும் தண்ணீரை மட்டும் வயிறு முட்டக் குடித்தால் உப்பு ஈடாகாது.

ட்ரயலுக்கு வந்த எல்லாரும் பந்து கிடைத்ததும் மூன்று பேரை வெட்டப் பார்த்தார்கள். கலந்துகட்டிய அணிகள், ஒருவன் பெயர் ஒருவனுக்குத் தெரியாது, இருபது இருபத்தைந்து நிமிடம். அந்த நேரத்துக்குள் பறிப்பதும் கொடுப்பதுமாக இருக்கிறவனைக் கோச் பார்க்க வேண்டுமே! ஒரு மூத்த ஆட்டக்காரர் முன்கூட்டியே சொல்லித் தந்தது இரண்டு விஷயம். பந்து வருவதற்கு முன் இரண்டு தோளுக்கு மேலாலும் திரும்பிப் பார், அதைக் கோச்சின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரிப் பார். இரண்டாவது, வாயை மூடாதே. கூப்பிடுவது முழுக்கச் சிங்களத்தில்தான். பின்னால் ஆள் வருகிறான் என்றால் "பிட்டிபஸ்ஸே!" என்று கத்த வேண்டும், மரியாதை பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. பேச்சுச் சிங்களம் தோட்டத்து ஆட்களுக்குப் பழக்கம்தான். ஆனால் புது இடத்தில், தெரியாதவர்கள் நடுவில், முதல் பத்து நிமிடம் தொண்டை திறக்காது. வீட்டிலேயே கத்திப் பழகிவிட்டுப் போனேன். தங்கச்சி சிரித்துத் தள்ளினாள்.

தரையும் வேறு. எங்கள் மைதானம் ஒரு பக்கம் சரிவு. மேலிருந்து கீழே கொஞ்சம் பலமாகக் கொடுத்தால் பந்து தேயிலைக்குள் போய்விடும், தேடி எடுக்கப் பத்து நிமிடம். அதனால் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் மெதுவாகத் தடவிக் கொடுக்கிற கால். மட்டமான புல்தரையில் அந்தப் பாஸ் பாதி வழியில் செத்துப்போகும், எதிராளி நடந்து வந்து எடுத்துக்கொள்வான். முதல் பாஸ் எனக்கும் அப்படித்தான் போனது. அடுத்ததிலிருந்து காலின் உள்பக்கத்தால் பலமாக அடித்தேன். வாங்கியவன் முகத்தைச் சுளித்தான், ஆனால் வாங்கினான். கோட்டருகில் நின்ற கோச் எழுதுவதை நிறுத்திவிட்டு, "மல்லி, ரைட் பெக் ஆடுவியா?" என்று கேட்டார். மல்லி என்றால் தம்பி, ரைட் பெக் பின்களத்தில் வலப்பக்க இடம். ஆடுவேன் சேர் என்றேன். ஆடினதே இல்லை. இந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லாதீர்கள். நடுக்களத்துக்காரனுக்குப் பல இடங்களில் ஆடத் தெரியும் என்பதுதான் கழகம் நம்மை வாங்க முதல் காரணம்.

எடுத்துக்கொண்டோம் என்று சொன்னபிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. பதிவுக்குப் பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, புகைப்படம், மருத்துவச் சான்றிதழ், பழைய கழகத்தின் விடுவிப்புக் கடிதம் எல்லாம் கேட்டார்கள். என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி. நான் பிறந்தபோது பதிவு எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார். தோட்டத்தில் இது புதுமை இல்லை, எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே வீட்டுக்கு ஒருவருக்கு இந்தப் பிரச்சினை இருக்கும். கிராம சேவகரிடம் கடிதம், பிரதேச செயலகத்தில் திருத்த விண்ணப்பம், பாடசாலை அனுமதிப் பதிவின் பிரதி, பெற்றோரின் திருமணச் சான்றிதழ், சத்தியக் கடதாசி என்று அலைந்தேன். நல்லவேளை, அப்பாவின் திருமணச் சான்றிதழ் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் நாசமாகாமல் இருந்தது.

விடுவிப்புக் கடிதம் அதைவிடப் பெரிய கூத்து. பழைய கழகம் தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை, தரவும் இல்லை. செயலாளர் ஊரில் இல்லை, ரப்பர் ஸ்டாம்ப் இன்னொருவர் வீட்டில், இப்படியே போனது. பெயர் சொல்லப் போவதில்லை, இன்றைக்கும் முகம் பார்க்கிறவர்கள். கடைசியில் எழுத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தின் பிரதியை லீக்குக்கும் அனுப்பியதும் ஸ்டாம்ப் கிடைத்துவிட்டது. வாயால் கேட்டுக்கொண்டே இருந்தால் பருவம் முடிந்திருக்கும்.

ஒப்பந்தத்துக்கு வருவோம். யார் தொழில்முறை ஆட்டக்காரர் என்பதற்கு உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதியில் இரண்டே நிபந்தனை: எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும், விளையாடுவதற்கு ஆகும் செலவை விடக் கூடுதலாகப் பணம் கிடைக்க வேண்டும். மற்ற எல்லாரும் அமெச்சூர்தான். பஸ் காசும் சாப்பாடும் பூட்ஸும் தந்துவிட்டு "நீ இப்ப ப்ரொஃபெஷனல்" என்று முதுகில் தட்டினால் மயங்கிவிட வேண்டாம். எனக்கும் முதலில் வாய்ப்பேச்சுதான். தாளில் எழுதித் தாருங்கள் சேர் என்று கேட்க அம்மாதான் தைரியம் கொடுத்தார். 2021இல் அவர் 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்குக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். அதையும் எத்தனையோ வருடம் போராடித்தான் வாங்கியிருந்தார்கள். "பெரட்டுலயே பேர் எழுதாம சம்பளம் இல்ல, இதுல எப்படி?" என்றார். பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கு எடுக்கிற இடம். எழுதிக் கொடுத்தார்கள். காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பதையும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொன்னேன். என் இடத்தில் ஆடுகிறவனுக்குக் கணுக்காலும் முழங்காலும் எப்போதும் அடிவாங்கும் பொருட்கள்.

இலங்கையில் உதைபந்தாட்டத்தால் மட்டும் குடும்பம் நடத்துவது எல்லாருக்கும் முடிகிற காரியம் இல்லை. இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளில் சேர்ந்தால் வேலையும் ஓய்வூதியமும் இருக்கும், அதனால்தான் நல்ல ஆட்டக்காரர்கள் பலர் அங்கே. வெளிநாடு என்றால் மாலைதீவுதான் பக்கம். தேசிய அணிக் கோல் காப்பாளர் சுஜான் பெரேரா அங்கே ஆடியவர். நடுக்களத்துக்காரனுக்கு அந்தக் கதவு அவ்வளவு எளிதாகத் திறக்காது. வெளிநாட்டு ஆள் என்று காசு கொடுத்து எடுத்தால் கோல் அடிப்பவனைத்தான் கேட்பார்கள்.

2022இல் பெற்றோல் வரிசை, மின்வெட்டு, எல்லாம் சேர்ந்து வந்தது. பயிற்சிக்குப் போகவே வழியில்லாத கிழமைகள் உண்டு. சம்பளம் பிந்தியது, பிறகு நின்றது. கழகத்தை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை, நாடே நின்றுபோன காலம். ஆனால் வாடகை அறைக்காரர் அதைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டாரே. ஃபிஃபாவின் மாற்றல் விதிகளில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால் எழுத்தில் அறிவித்து, குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து, அதன் பிறகும் தராவிட்டால் ஒப்பந்தத்தை நியாயமான காரணத்தோடு முடித்துக்கொள்ளலாம். உள்ளூர் ஒப்பந்தம் என்றால் இந்த வரியை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது. எனக்கு எழுதியிருந்தார்கள். பதிவுத்தபாலில் கடிதம் போட்டேன், தபால் ரசீதைப் பத்திரமாக வைத்தேன். பாதிப் பணம் வந்தது, மீதிக்குப் பதிலாக விடுவிப்புக் கடிதம் தந்தார்கள். ஒத்துக்கொண்டேன். மீதியைத் துரத்தினால் அடுத்த பருவமும் போயிருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

2023 ஜனவரி 21இல் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் இறுதியில்தான் தடை நீங்கியது. தேசிய அணி ஆட முடியாமல் இருந்த மாதங்கள் அவை. கொழும்பில் இருந்து என்ன செய்வது என்று ஊருக்கு வந்துவிட்டேன். தொழில்முறையாகப் பதிவான ஒருவர் கடைசி ஆட்டத்திலிருந்து 30 நாள் கழிந்தால்தான் அமெச்சூராக மீண்டும் பதிவாகலாம் என்று விதி இருக்கிறது. எனக்கு அது எப்போதோ கழிந்திருந்தது. இப்போது ஊர்க் கழகத்துக்கே ஆடுகிறேன், கூடவே சின்னப் பிள்ளைகளையும் பார்க்கிறேன்.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று. ஃபிஃபா விதியில் ஆட்டக்காரரின் பதிவு வரலாறு 12 வயதுப் பருவத்திலிருந்து கணக்கில் எடுக்கப்படும். நாளைக்கு ஒருவன் ஒப்பந்தக் காலத்துக்குள் வெளிநாட்டுக் கழகத்துக்குக் காசுக்கு மாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் வரை 12 முதல் 23 வயது வரை அவனைப் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரித்துத் தர வேண்டும். தோட்டக் கழகமாக இருந்தாலும் சரி, பதிவில் இருந்தால் பங்கு உண்டு. பதிவில் இல்லாவிட்டால் பத்து வருடம் பந்து பொறுக்கிக் கொடுத்தவருக்கும் ஒரு சதம் இல்லை. எங்கள் கழகத்தில் பதிவுப் புத்தகத்தை மச்சான் பார்க்கிறான். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளை வாங்கியிருக்கிறோம். அப்பா பெயர் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இதுவரை பார்த்ததிலேயே பாதிக்கு மேல் சரியில்லை.